காரணம்: சூட்டுக்கட்டி

நகராட்சி அலுவலகத்தில் ஆறாம் ஜன்னல் பிறப்பு, ஏழாம் ஜன்னல் இறப்பு. ஆறாம் ஜன்னலில் மிட்டாய் நீட்டுவார்கள். ஏழில் நீட்டமாட்டார்கள். இதைத் தவிர இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது ஏழாம் ஜன்னலில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் பதிவம்மாவின் கருத்து. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் வரும். மற்றபடி எல்லோருக்கும் பதிவம்மாதான்.

இறப்புப் படிவத்தில் ஒன்பதாம் கட்டம் என்று ஒன்று உண்டு. 'இறப்பின் காரணம்'. ஜனங்கள் வழுக்கி விழுவது அங்கேதான். 'திடீர்னு போயிட்டார்' என்று எழுதுவார்கள். 'விதி' என்று எழுதுவார்கள். ஒருவர் 'இரண்டாவது மருமகள்' என்று எழுதிக்கொண்டு வந்தார்.

பதிவம்மா படிவத்தை அவர் பக்கமே தள்ளினாள்.

"இது காரணம் இல்லைங்க, புகார். புகார்னா மாடிக்குப் போங்க."

"அதான் மேடம் நிஜம்."

"நிஜமா இருக்கலாம். நோய் பேரு எழுதுங்க. டாக்டர் என்ன சொன்னாரோ அதை எழுதுங்க. சுத்தி வளைக்காதீங்க."

இப்படித் திருப்பி அனுப்பித் திருப்பி அனுப்பியே அந்த அம்மா பெயர் வாங்கியிருந்தாள். நல்ல பெயரா கெட்ட பெயரா என்று அவள் விசாரித்ததில்லை.

நாற்பத்தேழாவது வயதில், ஒரு புதன்கிழமை காலை குளிக்கும்போது, இடது பக்கம் சோப்பு ஓரிடத்தில் ஏறி இறங்கியது. தேங்காய்ச் சில்லு போல ஏதோ உள்ளே. அமுக்கினாள். வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்றே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், பன்னிரண்டு நாள் காக்க வைத்தார்கள். பதின்மூன்றாம் நாள் சர்ஜன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார். மார்பகப் புற்றுநோய். இரண்டு சென்டிமீட்டர். அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன்.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?"

"இருபத்தெட்டு வேலை நாளா?" என்று கேட்டாள் பதிவம்மா. அவளுக்கே தெரியவில்லை ஏன் அதைக் கேட்டாள் என்று.

வீட்டுக்காரர் வெளியே வராந்தாவில் இருந்தார். அவருக்குத் தொழில் வாஷிங் மெஷின் ரிப்பேர். ஆஸ்பத்திரி வாசனை ஆகாது என்று சொல்லி வெளியே நின்றவர், அங்கிருந்த தண்ணீர் மெஷினின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் வாய் திறந்தார்.

"மோட்டார் நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க? டிரம்லதானே பிரச்சனை?"

"நான் வாஷிங் மெஷின் இல்லைங்க."

"தெரியும். வாஷிங் மெஷின்னா நானே பிரிச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்துப் போட்டார். சாயங்காலத்துக்குள் பூட்டியும் விட்டார். அதற்குப் பிறகு அந்த மிக்சி முன்பைவிட வேகமாகச் சுற்றியது.

விஷயம் சொந்தபந்தத்துக்குப் பரவியது. போன் வந்தபடி இருந்தது. எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு." ஏழாம் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவளிடம் ஒன்றும் ஆகாது என்று சொன்னால் எப்படி? அவள் எழுதும் புத்தகத்தில் ஒன்பதாம் கட்டத்தில் அந்த நோயின் பெயர் வாரத்துக்கு நாலு தடவையாவது வரும். அந்த வாரமும் வந்தது. எழுதினாள். கையெழுத்து கோணவில்லை. ஆனால் எழுதி முடித்தபின் பேனாவை மூட மறந்துவிட்டாள், மை காய்ந்துபோய்விட்டது.

அழ வேண்டும் போலவும் இல்லை. யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. தைரியம் சொல்லாத யாரிடமாவது.

ஆஸ்பத்திரி லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'மார்பகப் புற்றுநோய்த் தோழிகள் குழு. செவ்வாய் காலை 11 மணி. அறை எண் 14. பைலுடன் வரவும்.'

தோழிகள் என்றதில் அவளுக்குக் கொஞ்சம் கூச்சம். பைலுடன் வரவும் என்றதில் நம்பிக்கை வந்தது. தாள் கேட்கிறவர்கள் வெட்டிப் பேச்சு பேசமாட்டார்கள்.

அறை பதினாலு, கை கால் பயிற்சி கொடுக்கிற அறை. பெரிய பெரிய ரப்பர் பந்துகள் மூலையில் கிடந்தன. சுவர் முழுக்க இருந்த கண்ணாடியைப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். ஆறு பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் முடி இப்போதுதான் முளைத்து, துணி துவைக்கும் பிரஷ் போல நின்றது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல்.

"வாங்க, உக்காருங்க. பந்து மேல இல்ல, உருளும். நாற்காலி இருக்கு. பைல் கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்தேன்."

"கை மாத்துங்க."

பதிவம்மா பைலை இறுக்கிப் பிடித்தாள். "எதுக்கு?"

"இங்க யாரும் அவங்கவங்க பைலைப் படிக்கக் கூடாது," என்றாள் வேன் அக்கா. "படிச்சா மூணாவது வரியில கண்ணு கலங்கிடும். அப்புறம் முக்கியமானது எதுவும் தெரியாது. அடுத்தவ பைல்னா பளிச்சுன்னு தெரியும். ஏதாவது விட்டுப்போயிருக்கா, எதைக் கேக்கணும், எந்த டெஸ்ட் பாக்கி, எல்லாத்தையும் பென்சில்ல குறிச்சுக் கொடுப்போம். டாக்டர்கிட்ட அதைக் கேட்டுட்டு வரணும். அவ்வளவுதான் குழு."

"தைரியம் சொல்ல மாட்டீங்களா?"

"வேணும்னா கடைசி அஞ்சு நிமிஷம் சொல்லலாம். நேரம் இருந்தா."

பைல்கள் இடது பக்கமாகச் சுற்றின. பதிவம்மாவின் பைல் வேன் அக்காவிடம் போனது. பதிவம்மா கைக்கு ஒரு கணக்கு டீச்சரின் பைல் வந்தது. ஐந்தே நிமிடத்தில் அதில் இரண்டு தப்பு கண்டுபிடித்தாள். ரத்தப் பரிசோதனைத் தாளில் வயது வேறு, ஸ்கேன் தாளில் வயது வேறு. ஒரு தாள் டீச்சருடையதே இல்லை, யாரோ அறுபத்து மூன்று வயது ஆம்பளையுடையது.

"அதான் எனக்கு புரோஸ்டேட் நல்லா இருக்குன்னு போட்டிருந்தாங்களா?" என்றாள் டீச்சர். "நானும் சரி, ஏதோ ஒண்ணாவது நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பதிவம்மாவுக்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக உடம்பு லேசாக இருந்தது.

வேன் அக்கா சிரிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?' இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அடிக்கோடு வேற."

"இல்ல. எங்க வீட்ல யாருக்கும் கிடையாது."

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. எழுபத்து நாலு. என்னையே மிரட்டுவாங்க."

"அப்பா?"

"பஸ் மோதிப் போயிட்டாரு."

"அப்பா கூடப் பொறந்த பொம்பளைங்க?"

"ரெண்டு அத்தை. ரெண்டு பேரும் இல்ல. பெரிய அத்தை முப்பத்தொன்பது வயசுல. சின்ன அத்தை முப்பத்து மூணுல."

பைல் புரட்டும் சத்தம் நின்றது.

"எதுல போனாங்க?"

"பெரிய அத்தைக்குச் சூட்டுக்கட்டி."

"சின்னவங்களுக்கு?"

"அவங்களுக்கும் சூட்டுக்கட்டிதான்."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். சாப்பிட உட்காரும்போது சொல்வார்கள், பழைய போட்டோ பார்க்கும்போது சொல்வார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள். ஒருநாளும் அது ஒன்பதாம் கட்டத்தில் எழுதிப் பார்க்கிற வார்த்தையாக அவளுக்குத் தோன்றியதில்லை.

"சூட்டுக்கட்டி எங்க வந்துச்சு?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

பதிவம்மாவின் கை தானாக இடது பக்கம் போனது.

"நீங்க என்ன வேலைங்க பண்றீங்க?" என்றாள் வேன் அக்கா.

"நகராட்சி. இறப்புப் பதிவு."

வேன் அக்கா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, 'இல்லை' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"கேட்டுக்கங்க. மரபணு டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. ரத்தத்துல பார்ப்பாங்க. வழிவழியா வர்றதா, சும்மா வந்ததான்னு தெரியும். வழிவழியா வந்ததுன்னா ஒரு பக்கம் எடுத்தா போதுமா, ரெண்டும் எடுக்கணுமான்னு யோசிக்கணும். சினைப்பையையும் பார்க்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடி தெரிஞ்சா நல்லது."

"சர்ஜன் சொல்லலையே."

"நீங்கதான் கோடு போட்டு இல்லைன்னுட்டீங்களே. அதுக்கு மேல அவர் ஏன் கேக்கப்போறாரு?"

மறுநாள் இரண்டாம் மாடியில் மரபணு ஆலோசகரைப் பார்த்தாள். சின்னப் பெண். மேஜையில் செடி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"உங்களுக்கு நாற்பத்தஞ்சுக்குள்ள வந்திருந்தா நேரா அனுப்பிடுவோம் மேடம். நாற்பத்தேழுன்னா, ஒரே பக்கத்துச் சொந்தத்துல ரெண்டு பேருக்கு இருந்திருக்கணும். இங்க அப்படித்தான் வெச்சிருக்காங்க."

"ரெண்டு வருஷம் லேட்டா வந்துட்டேன்."

"அப்படி இல்ல மேடம்…" அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. "இறப்புச் சான்றிதழ் இருக்கா? இல்லேன்னா, நேர்ல பார்த்துத் தெரிஞ்ச சொந்தக்காரங்க யாராவது வந்து சொன்னாக்கூடப் போதும். எழுதிக் கையெழுத்து வாங்கிப்போம். ரிசல்ட் வர நாலு வாரம் ஆகும். இருபத்தெட்டு ஆபரேஷன்னா, வெள்ளிக்கிழமைக்குள்ள ரத்தம் கொடுத்தாகணும்."

அன்று புதன்.

பதிவம்மா அங்கிருந்து நேராக அலுவலகம் போனாள். பழைய பதிவேடுகள் கீழ்த்தளத்தில் இரும்பு அலமாரியில் இருக்கும். சாவி அவளிடம்தான். முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தை எடுத்தாள், தூசி தட்டினாள். ஐந்து வருடம் தள்ளி இன்னொரு புத்தகம். இத்தனை வருடம் அந்த அலமாரிக்கு மேலேதான் உட்கார்ந்திருந்தாள்; ஒரு நாளும் சொந்த வீட்டுப் பக்கத்தைப் புரட்டியதில்லை.

பெரிய அத்தை. ஒன்பதாம் கட்டம்: சூட்டுக்கட்டி, காய்ச்சல்.

சின்ன அத்தை. ஒன்பதாம் கட்டம்: சூட்டுக்கட்டி, காய்ச்சல்.

தகவல் தந்தவர் கையெழுத்து இரண்டிலும் ஒன்றே. சித்தப்பாவுடையது. வாலை இழுத்துச் சுழித்துப் போடுவார். பக்கத்தில் அந்தக் காலத்து எழுத்தரின் கையெழுத்து, அழகாக, ஒரு கேள்வியும் கேட்காமல்.

"எவன்டா இவன்," என்றாள் பதிவம்மா, தனியாக, செத்துப்போன எழுத்தரைப் பார்த்து. "நானா இருந்தா ரெண்டையும் திருப்பி அனுப்பியிருப்பேன்."

சித்தப்பாவுக்குக் கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. வக்கீல்கள், வாய்தாக்காரர்கள் என்று காலையிலிருந்து கூட்டம் இருக்கும். எந்தக் காகிதம் வந்தாலும் படிக்காமல் நகல் எடுப்பதுதான் தொழில் சுத்தம் என்பார். அறுபத்திரண்டு வயது. மனைவி தவறிப் பல வருடம் ஆயிற்று. ஒரே மகள், முப்பத்தொரு வயது, வங்கியில் வேலை. வீட்டில் இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

வியாழக்கிழமை மதியம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் பதிவம்மா போனாள். இரண்டு பக்கங்களின் நகலையும் கவுண்டரில் வைத்தாள். அவர் நிமிராமலே அவற்றை எடுத்து மெஷினில் வைத்து மூடிவிட்டார்.

"எத்தனை காப்பி?"

"படிங்க சித்தப்பா."

குரலைக் கேட்டு நிமிர்ந்தார். "அட, நீயா! உடம்பு எப்படிம்மா இருக்கு? வெயில்ல எதுக்கு வந்தே?"

"படிங்க."

மூடியைத் திறந்து தாளை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது மூக்கிலேயே இருந்தது. படித்தார். பிறகு தாளை மறுபடி மெஷினில் கவிழ்த்து வைத்தார், முகம் தெரியாமல் குப்புறப் படுக்க வைப்பது போல.

"முப்பத்தேழு வருஷம் ஆச்சு. இப்ப வந்து கேக்கறியா?"

"எனக்குக் கட்டின்னு போன்ல சொன்னப்ப, நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"சூட்டுக்கட்டியா இருக்கும், நல்லாத் தண்ணி குடின்னீங்க."

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு வக்கீல் வந்து அடையாள அட்டையை நீட்டினார். சித்தப்பா அதை ஆசையோடு வாங்கினார். இரண்டு பக்கமும் எடுத்தார். தேவையில்லாமல் இன்னொரு தடவையும் எடுத்தார். வக்கீல் போன பிறகு எடுப்பதற்கு எதுவும் இல்லை.

"பெரியக்காவை நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்," என்றார். "எனக்கு அப்போ இருபத்தஞ்சு வயசு. உங்க அப்பா வெளியூர் வேலை. டாக்டர் பேரைச் சொன்னார். முத்திப் போச்சு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னார். ஆறு மாசத்துல போயிட்டா. அந்த நேரம் சின்னக்காவுக்கு வரன் வந்திருந்துது. முதல் தடவையா ஒரு நல்ல இடம். இந்த நோய்ப் பேரு வெளிய தெரிஞ்சா ஓடிப் போயிடுவாங்கன்னு, நான்தான் வீட்ல எல்லாருக்கும் சூட்டுக்கட்டின்னு சொன்னேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன். சின்னக்காகிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

மெஷின் சூடு தணிந்து தானாகவே அணைந்தது.

"கல்யாணம் ஆச்சு. நாலு வருஷம் நல்லாத்தான் இருந்தா. அப்புறம் ஒருநாள் வந்தா. 'தம்பி, பெரியக்காவுக்கு வந்த மாதிரி எனக்கும் சூட்டுக்கட்டி வந்திருக்குடா'ன்னா. சிரிச்சுக்கிட்டுச் சொன்னா. பத்துப் போட்டுக்கறேன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டாக்டர்கிட்ட போலாம்னேன். 'சூட்டுக்கட்டிக்கு யாருடா டாக்டர்கிட்ட போவா'ன்னு கேட்டா. அப்பவாவது சொல்லியிருக்கணும். இன்னிக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு…" அவர் மெஷினின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு வருஷம் பத்துப் போட்டா. நான் சொன்னதை நம்பிட்டாம்மா அவ."

பதிவம்மாவுக்கு அத்தை படுத்திருந்த அறை ஞாபகம் வந்தது. பதினைந்து வயதில் அவள்தான் சின்ன அத்தைக்குப் பத்து அரைத்துக் கொடுப்பாள். கட்டியாக அரைக்கணும், தண்ணியா இருந்தா வழிஞ்சிடும் என்று அத்தை சொல்வாள். கட்டியாகத்தான் அரைத்துக் கொடுத்தாள்.

சித்தப்பாவைத் திட்டுவதற்கென்று வரும் வழியில் சில வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தாள். அதில் ஒன்றும் இப்போது கைக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஜன்னலில் பேசுகிற குரலில் பேசினாள்.

"ரெண்டு படிவமும் செல்லாது சித்தப்பா. திருப்பி அனுப்பறேன். நாளைக்குக் காலையில பத்து மணி. ஆஸ்பத்திரி ரெண்டாம் மாடி. நீங்க வந்து, பார்த்ததை உங்க வாயால சொல்லணும். அப்பதான் எனக்கு டெஸ்ட் எடுப்பாங்க."

"சொல்றேன். சொல்லலாம். ஒரே ஒரு மாசம் பொறுத்துக்க முடியுமாம்மா?"

"எதுக்கு?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "குட்டிக்கு வரன் பேசிட்டிருக்கேன். கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரி. இந்த நேரத்துல…"

"சின்ன அத்தைக்கும் அப்போ வரன் வந்திருந்துது சித்தப்பா."

பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். தெரு முனை வரை போன பிறகுதான் நகல்களை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. வேன் அக்கா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வருவாரா?"

"தெரியலை."

"வரலேன்னா நான் போய்த் தூக்கிட்டு வரட்டா? வேன் கீழதான் நிக்குது. சீட் பெல்ட் எல்லாம் இருக்கு."

"வேண்டாங்க்கா. அவர் மனுஷன். அஞ்சாங்கிளாஸ் பையன் இல்ல."

"அஞ்சாங்கிளாஸ் பையன்னா நேரத்துக்கு வந்திருப்பான்."

பத்து நாற்பத்தைந்துக்கு லிப்ட் திறந்தது. சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில், கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வருகிறவர் போல வந்தார். ஆலோசகர் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் கேட்டாள், என்ன நோய் என்று. அவர் செடியைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார். சத்தமாக வந்துவிட்டது, வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்தப் பக்கம் சார்?"

"எங்கப்பா பக்கம்."

"இல்ல சார், மார்புல எந்தப் பக்கம்?"

"பெரியக்காவுக்கு இடது." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சின்னக்காவுக்குக் கடைசியில ரெண்டும்."

அந்தப் பெண் தட்டச்சு செய்தாள். அச்செடுத்துக் கொடுத்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தாளை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதினொன்று இருபதுக்குப் பதிவம்மாவின் ரத்தம் இரண்டு சின்னக் குழாய்களில் இறங்கியது.

இருபத்தைந்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. அதற்குள் மூன்று செவ்வாய்க்கிழமை அறை பதினாலுக்குப் போயிருந்தாள். ரிசல்ட் தாளை அவள் படிக்கவில்லை, டீச்சரிடம்தான் நீட்டினாள். டீச்சர் இரண்டு தடவை படித்தாள், கணக்கு சரியா என்று பார்ப்பது போல.

"இருக்கு," என்றாள். "வழிவழியா வந்ததுதான்."

யாரும் ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. வேன் அக்கா பென்சிலை எடுத்து, சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுத ஆரம்பித்தாள். பதினொரு கேள்வி வந்தது. சர்ஜன் பொறுமையாகப் பதினொன்றுக்கும் பதில் சொன்னார். இரண்டு பக்கமும் எடுப்பது என்று முடிவானது. பதிவம்மாதான் முடிவு செய்தாள். தேதி அதே இருபத்தெட்டு.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அவர் வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான்," என்றார். "ஒரு பக்கம் மட்டும் கழட்டினா, சுத்தறப்ப ஆடும்."

பதிவம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். குழாய் ரொம்ப நேரம் திறந்திருந்தது. வெளியே வந்து, வாஷர் போயிருக்கிறது, அதுதான் பார்த்தேன் என்றார்.

சித்தப்பாவிடம் ஆலோசகர்தான் விளக்கினாள். அந்த மரபணுக் குறை அவர் உடம்பிலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. அவருக்கு இல்லையென்றால் அவர் வழியாக மகளுக்கு வர வாய்ப்பே இல்லை. இருந்தால் மகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். முதலில் நான் கொடுக்கிறேன், எனக்கு ரிசல்ட் வந்த பிறகு அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

"யார் சொல்றது?" என்று கேட்டாள் பதிவம்மா.

"நான்தான் சொல்லுவேன்."

"எப்போ?"

சித்தப்பா கடைச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் அன்று சாயங்காலமே மகளிடம் சொல்லியிருக்கிறார். எப்படிச் சொன்னார் என்று தெரியாது. குட்டி போன் செய்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, வெறும் வயித்துல வரணுமா, சாப்பிட்டு வரலாமா?"

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு மூன்று பேரும் இரண்டாம் மாடியில் இருந்தார்கள். குட்டி வங்கி அடையாள அட்டையைக் கழற்றாமல் அப்படியே வந்திருந்தாள்.

"வரன் வீட்ல சொல்லிட்டேன்க்கா," என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"யோசிச்சுச் சொல்றாங்களாம். நானும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். எனக்கு ஏதாவதுன்னா யோசிக்கற வீடா, கூட வர்ற வீடான்னு."

சித்தப்பா சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை ஒன்று முதல் ஏழு வரை படித்துக்கொண்டிருந்தார்.

ரத்தம் எடுக்கிற அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. நர்ஸ் தட்டோடு வந்தாள். "யாருக்கு எடுக்கணும்?"

"எனக்கு," என்றார் சித்தப்பா.

"எனக்கும்," என்றாள் குட்டி.

"உனக்கு வேண்டாம்மா. எனக்கு இல்லேன்னா உனக்கு இருக்காதுன்னு சொல்றாங்க. உனக்கு ஊசியே தேவைப்படாது."

"உங்களுக்கு இருந்துச்சுன்னா?"

அவர் நர்ஸின் தட்டைப் பார்த்தார்.

"இருந்துச்சுன்னா, அப்புறம் நான் கொடுத்து, இன்னும் நாலு வாரம் உக்காந்திருக்கணும். நீங்க முகத்தை இப்படி வெச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்திருப்பீங்க. என்னால முடியாதுப்பா. சேர்த்தே எடுக்கட்டும்."

ஆலோசகர் கதவோரம் நின்று, வழக்கம் அப்படி இல்லை, ஆனால் எடுக்கக் கூடாது என்றும் இல்லை என்றாள். குட்டி சட்டைக் கையை மடித்து நீட்டினாள். சித்தப்பா அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற பதிவம்மாவைப் பார்த்தார். பிறகு அவரும் இஸ்திரி போட்ட சட்டையின் கையை மடக்கினார். மடிப்பு சரியாக வரவில்லை. பதிவம்மா குனிந்து மடித்துவிட்டாள்.

நர்ஸ் இருவருக்கும் ரப்பர் பட்டியைக் கட்டினாள். "விரலை மடக்கி நல்லா மூடுங்க."

இருவரும் மூடினார்கள். குட்டி ஊசியை நேராகப் பார்த்தாள். சித்தப்பா கண்ணை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் குத்தவே இல்லப்பா," என்றாள் குட்டி.